கறிவேப்பிலையில் பச்சைப் புழுவா? மருந்து பாட்டிலைக் கீழே வைங்க! - மொட்டைமாடி டைரி 17

போன வாரம் செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் செம்பருத்தியைப் பற்றியே இல்லை. "கறிவேப்பிலைச் செடியை ஒரு பச்சைப் புழு மொட்டையடிக்குது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான் கேள்வி. ஒரு வாசகி போட்டோவே அனுப்பியிருந்தார். குச்சி மட்டும் மிஞ்சிய செடி. அதன் உச்சியில், வயிறு நிறையச் சாப்பிட்ட களைப்பில் ஒரு குண்டுப் புழு.

பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் இதே காட்சிதான். அம்மா ஒரு கையில் வேப்பெண்ணெய் கரைத்த ஸ்பிரே பாட்டிலோடு நிற்கிறார். நான் பக்கத்தில் மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு புழு தேடுகிறேன். துணி காய வைக்க வந்த கீழ் வீட்டுப் பையன், ஆறாவது படிக்கிறவன், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, அடிக்காதீங்க. அது பட்டாம்பூச்சிக்கா!"

அம்மா நம்பவில்லை. எனக்கும் பாதி சந்தேகம்தான். ஆனாலும் பாட்டில் கீழே போனது. அன்று ஆரம்பித்த பொழுதுபோக்கு இது. இதில் எனக்குக் கிடைத்த நல்ல படங்களைவிட, நான் செய்த தப்புகள் அதிகம். இந்த வாரம் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். நீங்களாவது அந்தத் தப்புகளைச் செய்யாமல் இருக்கலாம்.

அது யார் வீட்டுப் புழு?

கறிவேப்பிலையில் வரும் அந்தப் புழு பெரும்பாலும் இரண்டு பட்டாம்பூச்சிகளில் ஒன்றுடையது. ஒன்று எலுமிச்சை அழகி. இன்னொன்று கறிவேப்பிலை அழகி. பெயரே முகவரி மாதிரி இருக்கிறது இல்லையா? எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இந்தக் குடும்பத்து இலைகள்தான் இவற்றின் புழுக்களுக்குச் சாப்பாடு. செம்பருத்தி இலையை வைத்தால் பட்டினி கிடந்து செத்துப்போகுமே தவிர, தொடாது.

தாய்ப் பட்டாம்பூச்சி இதில் கெட்டி. இலை மேல் வந்து உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கும். காலிலேயே அதற்கு ருசி தெரியும். சரியான இலை என்று உறுதியான பிறகுதான், இளம் தளிரில் ஒரே ஒரு முட்டை. வெளிர்மஞ்சள் நிறத்தில், கசகசாவைவிடச் சற்றே பெரிதாக, உருண்டையாக இருக்கும். அடுத்த முட்டை வேறு தளிரில்.

நம்ம ஊர் வெயிலுக்கு மூன்று, நான்கு நாளில் முட்டை பொரிந்துவிடும். வெளியே வரும் குட்டிப் புழு முதலில் தன் முட்டை ஓட்டைத்தான் தின்னும். அப்புறம்தான் இலை. சின்ன வயதில் பழுப்பும் வெள்ளையுமாக, அச்சு அசலாகப் பறவை எச்சம் மாதிரி இருக்கும். 'காக்கா எச்சம்' என்று நினைத்து நாங்களே பல நாள் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறோம்! நான்கு முறை தோல் உரித்து, கடைசிக் கட்டத்தில்தான் அந்தப் பளீர் பச்சை நிறம். அந்தக் கட்டத்தில்தான் பசியும் அகோரம். செடி மொட்டையாவது இந்தக் கடைசி சில நாட்களில்தான்.

இது கம்பளிப்பூச்சி அல்ல. முடி கிடையாது, தொட்டால் அரிக்காது. சீண்டினால் மட்டும் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்த ஆரஞ்சு சிவப்புக் கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே ஒரு புளித்த வாடை வரும். கடிக்காது, கொட்டாது. அந்த வாடைதான் அதன் ஆயுதம்.

வளர்ந்த பிறகு இரண்டையும் பிரித்துச் சொல்வது சுலபம். எலுமிச்சை அழகிக்குக் கறுப்பு இறக்கை முழுக்க வெளிர்மஞ்சள் திட்டுகள், வால் கிடையாது. கறிவேப்பிலை அழகிக்குப் பின் இறக்கையில் வால் உண்டு. ஆணுக்குக் கறுப்பு இறக்கையில் குறுக்கே வெள்ளைப் பொட்டு வரிசை. பெண்ணில்தான் குழப்பம். சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். சில ரோஜா அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் போல, இன்னும் சில சிவப்புடல் அழகியைப் போல இருக்கும். அந்த இரண்டும் ஈஸ்வரமூலி வகைக் கொடிகளைத் தின்று வளர்வதால் உடம்பில் நஞ்சு உண்டு. பறவைகள் ஒதுங்கிப் போகும். நஞ்சே இல்லாத நம்ம கறிவேப்பிலை அழகி, அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது.

இந்த வேஷத்தைப் பற்றி ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865-லேயே எழுதியிருக்கிறார். இந்த மாறுவேஷத்தின் சாவி, ஆண் பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் அவர் சகாக்களும் 2014-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அசலையும் நகலையும் பிரிக்க நமக்கு மரபணு எல்லாம் வேண்டாம். உடம்பைப் பாருங்கள். சிவப்பு உடம்பு என்றால் அசல். கறுப்பு உடம்பு என்றால் அது உங்கள் வீட்டுக் கறிவேப்பிலை சாப்பிட்டது!

அம்மா போட்ட ஒப்பந்தம்

இதையெல்லாம் அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னேன். "எல்லாம் சரிடி. ரசத்துக்கு என்ன போடறது?" என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் மாடியில் இருந்தது இரண்டே இரண்டு கறிவேப்பிலைத் தொட்டி. அம்மா மூன்று வருஷமாகக் கடுகளவு சாணத்தூள், புளித்த மோர் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தவை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. "அந்தத் தொட்டி உன் புழுவுக்கு. இந்தத் தொட்டி என் அடுப்புக்கு. எல்லை தாண்டினா நான் பொறுப்பில்லை."

புழுவுக்கு ஒப்பந்தம் தெரியாதே. தினமும் காலையில் அம்மாவின் தொட்டியில் இருக்கும் குட்டிப் புழுக்களை, இலையோடு கிள்ளி, என் தொட்டிக்கு மாற்றுவது என் வேலையானது. உங்களுக்கும் இதையே சொல்வேன். நன்றாக வளர்ந்த கறிவேப்பிலைச் செடி மொட்டையானாலும் மறுபடி துளிர்க்கும். ஒருவகையில் அது கவாத்து செய்த மாதிரிதான். ஆனால் ஒரு அடி உயர நாற்று என்றால் தாங்காது. அதிலிருந்து புழுவை எடுத்து வேறு செடிக்கு மாற்றிவிடுங்கள். எலுமிச்சை நாற்றங்கால், தோப்பு என்று தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புழு நிஜமான தலைவலி. நான் பேசுவது வீட்டுத் தொட்டியைப் பற்றி மட்டும்தான்.

ஒரு ராத்திரியில் மூன்று

முதல் தடவை ஐந்து புழுக்களைப் பெட்டியில் வைத்து வளர்த்தேன். கடைசிக் கட்டப் பசியில் என் தொட்டி காலி. அம்மா தொட்டியில் கை வைக்க தைரியம் இல்லை. ஃபிரிட்ஜில் கடையில் வாங்கின கறிவேப்பிலைக் கட்டு இருந்தது. எடுத்து, பைப்பில் ஒரு தடவை அலசி, பெட்டியில் போட்டுவிட்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தபோது மூன்று புழுக்கள் உடம்பு தளர்ந்து, வாயில் பச்சை நீர் கக்கி, பெட்டியின் அடியில் கிடந்தன. மற்ற இரண்டும் அன்றைக்கு இன்னும் பழைய குச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தவை. கட்டைத் தொடவில்லை. அவை பிழைத்தன.

அந்த இலையை நான் எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பவில்லை. ஆனால் புழுவைக் கொல்வதற்காக அடித்த மருந்து இலையில் தங்கியிருந்தால், அதைத் தின்கிற புழு சாகும். அது எளிய கணக்கு. அம்மா ஒன்றும் பேசவில்லை. மீதிக் கட்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதைத்தானடி நேத்து துவையல் அரைச்சேன்" என்றார். அன்றிலிருந்து கடைக் கட்டு வாங்கினால் புளித்தண்ணீரில் ஊறவைத்து, நான்கு தண்ணீர் விட்டு அலசாமல் சட்டியில் போடுவதில்லை. அடுத்த மாதமே நர்சரியிலிருந்து இன்னும் இரண்டு நாற்று வந்தது. வாங்கி வந்தவர் அம்மாதான்.

இங்கே முக்கியமான ஒரு விஷயம். 'நான் கெமிக்கல் அடிப்பதில்லை, இயற்கை மருந்துதான்' என்று நிறைய பேர் சொல்கிறோம். வேப்பெண்ணெயும் புழுவின் வளர்ச்சியைத் தடுக்கிறது. பி.டி. என்று விற்கும் பாக்டீரியா மருந்து புழுக்களைக் கொல்வதற்கென்றே வந்தது. இயற்கையானது என்பதால் பட்டாம்பூச்சிக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை. நர்சரியிலிருந்து வந்த புதுச் செடியிலும் மருந்து இருக்கலாம். அதில் புதுத் துளிர் விட்டுச் சில வாரம் ஆகும் வரை புழுவுக்கு அந்த இலையைக் கொடுக்காதீர்கள்.

வளர்க்க என்னென்ன வேண்டும்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. கொசுவலைத் துணி இருந்தால் போதும். புழு இருக்கும் கிளையை அப்படியே பை மாதிரி மூடி, அடியில் கட்டிவிடலாம். இலை எப்போதும் புதிதாக இருக்கும், பல்லியும் குருவியும் தொடாது. இதுதான் என் கணக்கில் சிறந்த வழி.

வீட்டுக்குள் வைத்துப் பார்க்க ஆசையா? இப்படிச் செய்யுங்கள்:

* ஒரு அடி உயரமாவது உள்ள அகலமான டப்பா. வாய்க்கு மூடி வேண்டாம், வலைத்துணியும் ரப்பர் பேண்டும் போதும்.
* இலைக் கொத்தின் காம்பைச் சின்ன மருந்து பாட்டில் தண்ணீரில் செருகுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லையென்றால் புழு இறங்கிப் போய்த் தண்ணீரில் விழும்.
* அடியில் டிஷ்யூ பேப்பர். எச்சத்தைத் தினமும் மாற்றுங்கள். ஈரமும் எச்சமும் சேர்ந்தால் நோய்தான்.
* புழுவைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். இலையோடு சேர்த்து மாற்றுங்கள். அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது தொடவே கூடாது.
* நேர் வெயில் படும் இடத்தில் மூடிய டப்பாவை வைக்காதீர்கள். உள்ளே வெந்துவிடும்.
* எறும்புக்கு, டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள்.

இரண்டு வாரம் போல ஆனதும் ஒருநாள் புழு சாப்பாட்டை நிறுத்தும். இளகலாகக் கழிந்து வயிற்றைக் காலி செய்யும். பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி டப்பா முழுக்கச் சுற்றும். பயப்படாதீர்கள், நோய் இல்லை. கூடு கட்ட இடம் தேடுகிறது. செடியில் விட்டிருந்தால் 'புழுவைக் காணோம்' என்று நீங்கள் தேடும் நாள் இதுதான். உள்ளே சாய்வாக ஒரு குச்சி வைத்திருங்கள். அதில் ஏறி, இடுப்பைச் சுற்றிப் பட்டு நூலால் பெல்ட் மாதிரி கட்டிக்கொண்டு, கடைசித் தோலை உரித்துக் கூட்டுப்புழு ஆகும். பச்சைத் தண்டில் என்றால் பெரும்பாலும் பச்சைக் கூடு. காய்ந்த குச்சியில் பழுப்பு. அதுவும் வேஷம்தான்.

எல்லாக் கூட்டிலிருந்தும் பட்டாம்பூச்சி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருமுறை எனக்கு வந்தது, கடுகில் பாதி அளவுள்ள குட்டிக் குளவிகள், கொத்தாக! புழுவோ கூட்டுப்புழுவோ உள்ளே இருக்கும்போதே அதன் உடம்பில் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவி அது. கோபம் வந்தது. ஆனால் அந்தக் குளவிகள் இல்லாவிட்டால் தெருவில் ஒரு கறிவேப்பிலையும் மிஞ்சாது. அதனால் எல்லாப் புழுவையும் காப்பாற்றக் கிளம்ப வேண்டாம். இரண்டு, மூன்றை மட்டும் வளர்த்துப் பார்ப்போம். மீதியைச் செடியிலேயே விட்டுவிடுவோம். கொண்டைக்குருவிக்கும் குஞ்சு இருக்கிறது.

ஒரு போட்டோவுக்காக

இனி நான் சொல்லத் தயங்கும் விஷயம்.

பிழைத்த இரண்டில் ஒன்றின் கூடு, ஒரு சனிக்கிழமை ராத்திரி கறுத்தது. கூட்டின் தோல் வழியாகவே இறக்கையின் மஞ்சள் திட்டுகள் தெரிந்தன. விடிந்தால் வெளியே வரும் என்பதற்கான அடையாளம் அது. அலாரம் வைத்து ஆறு மணிக்கு எழுந்தேன். அதற்குள் கூடு பிளந்து, பட்டாம்பூச்சி வெளியே வந்து, ஓட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பிழிந்து போட்ட ஈரத்துணி மாதிரி சுருங்கிய இறக்கை.

பளிச்சென்று ஒரு படம் எடுத்தேன். அருமையாக வந்தது. ஆனால் பின்னணியில் நீல பிளாஸ்டிக் பக்கெட்டும் மாப்பும். கொஞ்சம் தள்ளி வைத்தால் பின்னால் செடிப் பச்சை கிடைக்குமே என்று டப்பாவை இரண்டு அடி நகர்த்தினேன். உள்ளே சாய்த்து வைத்திருந்த குச்சி வழுக்கியது. பட்டாம்பூச்சி மல்லாக்க விழுந்தது.

குச்சியை நீட்டினேன். ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. அதற்குள் வலப்பக்கப் பின் இறக்கை மடங்கியபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிதாக வந்த பட்டாம்பூச்சி உடம்புத் திரவத்தை நரம்புகள் வழியாக இறக்கைக்குள் செலுத்தித்தான் அதை விரிக்கிறது. அதற்குத் தலை மேலாக, இறக்கை கீழாகத் தொங்க இடம் வேண்டும். விரியவேண்டிய அந்தச் சில நிமிஷம் போனால் போனதுதான். காய்ந்து இறுகிய பிறகு எதைச் செய்தாலும் நிமிராது.

ஒன்பது மணிக்குப் பறக்கப் பார்த்தது. கைப்பிடிச் சுவரிலிருந்து சுற்றிக்கொண்டே தரையில் விழுந்தது. எடுத்து இட்லிப்பூச் செடியில் விட்டேன். பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து வைத்தேன். உறிஞ்சியது. நான்கு நாள் இருந்தது. கீழ் வீட்டுப் பையன் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பார்ப்பான். "சரியாயிடுமாக்கா?" என்று கேட்டான். "ஆகாதுடா" என்றேன். எப்படி ஆச்சு என்று கேட்டபோது, நான்தான் நகர்த்தினேன் என்று அவனிடம் சொல்ல ஒருநாள் பிடித்தது.

அந்த முதல் படம் இன்னும் என் மொபைலில் இருக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். எங்கும் போட்டதில்லை. இந்தக் கட்டுரைக்கும் கொடுக்கவில்லை.

மொபைலில் நல்ல படம் எடுக்க

அதற்குப் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: பட்டாம்பூச்சி இருக்கும் இடத்துக்குக் கேமரா போக வேண்டும், கேமரா இருக்கும் இடத்துக்குப் பட்டாம்பூச்சி வரக்கூடாது. மற்றதெல்லாம் இந்த விதிக்குள் அடங்கும் டிப்ஸ்:

* காலை ஏழு முதல் ஒன்பது மணி. பட்டாம்பூச்சியின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. காலை வெயிலில் இறக்கையை விரித்து உட்கார்ந்து காயும். அப்போதுதான் நெருங்க விடும். உச்சி வெயிலில் துரத்தினால் உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.
* நிழல் விழக்கூடாது. நம் நிழல் பட்டதும் பறந்துவிடும். சூரியன் நமக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். குனிந்து, மெதுவாகப் போங்கள்.
* மொபைலை மூக்குக்கு முன்னால் நீட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். மேக்ரோ எல்லாம் முட்டைக்கும் புழுவுக்கும்தான் வசதி.
* ஃபோகஸைப் பூட்டுங்கள். திரையில் பட்டாம்பூச்சி மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் நிற்கும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெள்ளைத் திட்டுகள் வெளிறிவிடும். ஃபிளாஷ் வேண்டாம்.
* இறக்கைக்கு இணையாக மொபைலைப் பிடியுங்கள். சாய்வாகப் பிடித்தால் ஒரு முனை தெளிவாக, மறுமுனை மங்கலாக வரும்.
* விரித்த இறக்கை ஒன்று, மூடிய இறக்கை ஒன்று. இரண்டும் இருந்தால்தான் என்ன வகை என்று அடையாளம் சொல்ல முடியும்.
* வெளியே வரும் காட்சிக்கு முந்தின ராத்திரியே மொபைலை ஸ்டாண்டில் பொருத்தி, சார்ஜரில் போட்டு, பின்னணியையும் சரிசெய்துவிடுங்கள். காலையில் எதையும் தொடாமல் டைம்லாப்ஸ் பட்டனை மட்டும் அழுத்துங்கள். இறக்கை காய்ந்து பறக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். சிவப்பாக ஒரு சொட்டு நீர் விடும், ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

பட்டாம்பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயக்கி, பூவில் உட்காரவைத்துப் படம் எடுக்கும் வேலை எல்லாம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். இறக்கையை விரலால் பிடிக்கவும் வேண்டாம். ஒட்டும் பொடி, இறக்கையை மூடியிருக்கும் செதில்கள்.

இன்னொன்று. படத்தில் இலையும் இருக்கட்டும். ஜெர்மனியில் 1647-ல் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர், சிறுமியாக இருந்தபோதே பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தவர். 1679-ல் புழுக்களைப் பற்றி அவர் வெளியிட்ட புத்தகத்தில் பட்டாம்பூச்சியைத் தனியாக வரையவில்லை. புழு, கூடு, பட்டாம்பூச்சி மூன்றையும் அது தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார். தன் ஐம்பதுகளில், 1699-ல், இளைய மகளோடு கப்பலேறித் தென் அமெரிக்காவின் சுரினாம் வரை போய் இதே வேலையைச் செய்தார். மொபைல் இல்லாத அவரிடமிருந்து நான் கற்ற பாடம் இது. செடி இல்லாத படத்தில் பாதிக் கதைதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் எது வரும்?

பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வரும், தேன் குடிக்கும், போய்விடும். புழு தின்னும் செடி வைத்தால்தான் அங்கே பிறக்கும். இட்லிப்பூ, ஜினியா, தும்பை தேனுக்கு. அதோடு இவற்றில் ஒன்றும் இருக்கட்டும்:

* எருக்கு: வெந்தய வரியன். காலி மனையில் தானாக வளரும் எருக்கைப் போய்ப் பாருங்கள், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இருக்கும்.
* அரளி: வெண்புள்ளிக் கருப்பன். இதன் கூடு வெள்ளி முலாம் பூசிய ஜிமிக்கி மாதிரி தொங்கும். எருக்கு, அரளி இரண்டின் பாலும் நஞ்சு. குழந்தைகள் தொட்டால் கை கழுவச் சொல்லுங்கள்.
* எலுமிச்சை, நாரத்தை, வில்வம்: எலுமிச்சை அழகி.
* ஈஸ்வரமூலி: ரோஜா அழகி, சிவப்புடல் அழகி.

2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மாடிக்கு வராது. அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு வேண்டும். காட்டிலிருந்து எதையும் பிடித்து வந்து வளர்க்காதீர்கள். பல வகைகள் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் செடியைத் தேடி வருவதை மட்டும் பாருங்கள். நிறைய வகைகளை ஒரே இடத்தில் பார்க்க ஆசையென்றால், ஸ்ரீரங்கம் பக்கத்தில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாம்.

எங்கள் மாடியில் இப்போது ஐந்து கறிவேப்பிலைத் தொட்டி. பழைய ஒப்பந்தம் காற்றில் போய்விட்டது. மழை விட்டதும் அம்மா நுனியைக் கிள்ளிவிடுகிறார். தளிர் விட்டால்தான் முட்டை வைக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் ஒரு விடியற்காலையில் நான், அம்மா, கீழ் வீட்டுப் பையன் மூவரும் தரையில் உட்கார்ந்து ஒரு கறிவேப்பிலை அழகி வெளியே வருவதைப் பார்த்தோம். ஸ்டாண்டில் இருந்த மொபைலில் ஓரம் வெட்டுப்பட்டு, பக்கெட்டும் தெரிந்து, வீடியோ சுமாராகத்தான் வந்தது. பட்டாம்பூச்சி முழுசாக வந்தது.

போட்டோ அனுப்பிய அந்த வாசகிக்கு: மருந்து எதுவும் வேண்டாம் மேடம். உங்கள் செடி பெரியது, மறுபடி துளிர்க்கும். இலை தீர்ந்துபோனதால் புழுவை மட்டும் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைக்கோ எலுமிச்சைக்கோ மாற்றிவிடுங்கள். மருந்தடித்த செடியா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து அடுத்த போட்டோவை அனுப்புங்கள். வந்தது எலுமிச்சை அழகியா, கறிவேப்பிலை அழகியா என்று அப்போது சொல்கிறேன்.

அடுத்த வாரம்: தொட்டியில் வாழை வளருமா? ஒரு விபரீத முயற்சி!